ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று செங்கல்

முன்னொரு காலத்தில், மலைகளுக்குக்கூடப் பேர் வைக்காத காலத்தில், செந்தாழை நாட்டில் சூளை வைத்துச் செங்கல் அறுத்துப் பிழைத்த உடன்பிறந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவன் வேங்கையன், நடுவில் பிறந்தவள் அலரி, இளையவள் தும்பை.

ஒருநாள் பெரிய சடைக்கொண்டை போட்ட விகடாங்கன் என்ற மந்திரவாதி வந்து அவர்கள் ஊர் ஆற்றைக் கல்லாக்கிவிட்டான். தாகத்தில் தவித்த ஊராரிடம் அவன் சொன்னான்:

"ஒன்பதாயிரத்துக்கு மேல், பத்தாயிரத்துக்குள் செங்கல் கொண்டு வாருங்கள். மிச்சமில்லாமல் சம வரிசைகளாக நான் அடுக்கிவிட்டால் கொண்டு வந்தவரும் கல். முடியாவிட்டால் என் மாயமெல்லாம் போச்சு. ஒரே வரிசையாக நீட்டி வைப்பது மட்டும் கணக்கில் சேராது."

வேங்கையன் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கல் கொண்டு போனான். விகடாங்கன் சிரித்தான். மூன்று வரிசையாக அடுக்கினான். வேங்கையன் கல்லானான்.

அலரி ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று கொண்டு போனாள். விகடாங்கன் சிரித்தான். தொண்ணூற்றேழு வரிசை, வரிசைக்கு நூற்று மூன்று. அலரியும் கல்லானாள்.

தும்பை அழுது முடித்து, அக்கா கணக்குப் போட்டிருந்த சுவரைப் பார்த்தாள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று வகுத்துப் பார்த்துக்கொண்டே போனவள் எண்பத்தொன்பதோடு நிறுத்தியிருந்தாள்.

'ஐயோ அக்கா, இன்னும் ஒன்றே ஒன்று!' என்று நினைத்தாள் தும்பை. நூறு நூறு பத்தாயிரம். ஆகவே எப்படி அடுக்கினாலும் ஒரு பக்கம் நூறுக்குள்தான் வரும். இரண்டுக்கு வகுபடாதது நாலுக்கும் வகுபடாது. அப்படித் தள்ளியது போக, பார்க்க வேண்டியவை இருபத்தைந்து எண்கள்தான். இருபத்தைந்தாவது, தொண்ணூற்றேழு.

அவள் ஒரு எண்ணை எடுத்து அந்த இருபத்தைந்து எண்களாலும் வகுத்தாள். ஒவ்வொன்றிலும் மிச்சம் விழுந்தது. அந்த எண்ணிக்கைக்குக் கல்லை வண்டியேற்றினாள்.

விகடாங்கன் சிரித்தான். ஏழு வரிசையாக அடுக்கினான், ஐந்து மிஞ்சியது. தொண்ணூற்றேழாக அடுக்கினான், எழுபத்தொன்பது மிஞ்சியது. வெயில் சாயும்வரை அடுக்கினான், கலைத்தான், அடுக்கினான். கடைசியில் கைதட்டினான்.

"பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு எண்ணூற்று முப்பத்தொன்று! மிச்சமே இல்லை பார், பெண்ணே!"

தும்பையின் பாதம் குளிர்ந்து கல்லாகத் தொடங்கியது. அவள் அசையாமல் பெருக்கிப் பார்த்தாள்.

"மந்திரவாதியாரே, இங்கே ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டுதான் இருக்கிறது. நான் கொண்டு வந்தது எழுபத்து மூன்று. உங்கள் சடையைக் கொஞ்சம் அவிழுங்கள்."

"மாட்டேன்!" என்று தலையை ஆட்டினான். ஆட்டிய வேகத்தில் சடை அவிழ்ந்து ஒரு செங்கல் தொப்பென்று விழுந்தது.

அந்தச் சத்தத்தோடு மாயம் உடைந்தது. விகடாங்கன் வெறும் கிழவனாகி, யாரையும் பார்க்காமல் நடந்து போனான். ஆறு புரண்டு ஓடியது. வேங்கையனும் அலரியும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

"எங்கே வந்திருக்கோம்?" என்றாள் அலரி.

"முதல்ல தண்ணி குடிங்க" என்றாள் தும்பை.

அரசன் ஆற்றங்கரை முழுவதையும் அவர்களுக்கே எழுதி வைத்தான். மூவரும் அங்கே சௌக்கியமாக வாழ்ந்தார்கள். கேட்ட நீங்களும் அப்படியே வாழுங்கள்.