ஒரு குழம்புக்கு மீன்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசும், மனிதர்கள் வேலையை நிறுத்திவிட்டு அதைக் கேட்பார்கள். இப்போது ஒரு பறவை கொஞ்சம் சத்தமாகக் கத்தினால் நமக்குக் கை கல்லைத் தேடுகிறது. அது கிடக்கட்டும், கதைக்கு வருவோம்.

ஓர் ஆறு. அதன் கரையில் மீன் பிடித்துப் பிழைக்கிற ஒரு குடியிருப்பு. ஐப்பசியில் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடும் ஆறு, பங்குனி பிறந்ததும் மெலிந்து, சித்திரையில் குட்டை குட்டையாக நின்றுவிடும். அந்தக் குட்டைகளில் சிக்கிக்கொண்ட மீன்கள் எப்படியும் வெயிலில் வெந்து சாகப்போகிறவை. அவற்றைப் பிடித்துத்தான் அந்தச் சனங்கள் கோடையை ஓட்டுவார்கள். எந்தக் குட்டை இன்றைக்கு வற்றும், எது நாளைக்கு வற்றும் என்று அவர்களுக்கு வந்து சொல்வது ஒரு பறவை. நீளமான மஞ்சள் கால்களோடு பொழுதெல்லாம் மணலில் நடந்துகொண்டே இருக்கும். அதனால் மஞ்சக்காலி என்று பேர்.

மஞ்சக்காலிக்கு இன்னோர் இடமும் தெரியும். ஆற்றின் ஏதோ ஒரு வளைவில், கோரைப்புல் மண்டிய மறைவில், ஆழமான மடு ஒன்று இருந்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மணல் புரண்டு அந்த மடு இடம் மாறிவிடும். ஆனால் ஊரே காய்ந்தாலும் அதில் தண்ணீர் நிற்கும். சினை பிடித்த கெண்டையும் கெளுத்தியும், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும் விராலும் கோடை முழுக்க அங்கேதான் ஒடுங்கிக் கிடக்கும். புது வெள்ளம் வந்ததும் அங்கிருந்து கிளம்பிப் போய் ஆறு முழுக்க மீனாக்கும். வீட்டில் விதைநெல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மடு எங்கே என்று மனிதர்கள் கேட்கக் கூடாது, மஞ்சக்காலி சொல்லவும் கூடாது. பூட்டன் காலத்திலிருந்தே அப்படி ஒரு பேச்சு இருந்தது, யாரும் மீறியதில்லை.

அந்தக் குடியிருப்பில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தால், அந்த வாசனை எந்த வீடுவரைக்கும் போகிறதோ அந்த வீட்டுக்கெல்லாம் ஒரு கிண்ணம் போயாக வேண்டும். மூடி வைத்துத் தின்றவன் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். நல்ல வழக்கம்தான். நான் குறை சொல்லவில்லை.

ஒரு வருஷம் வானம் ஏமாற்றிவிட்டது. அடுத்த வருஷமும் அப்படியே. குட்டைகள் மாசியிலேயே சேறாகி, சேறு வெடித்து, வெடிப்பில் ஓணான் ஓடியது. தவசி என்று ஒருவன், தினமும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போவான், நனையாத வலையோடு திரும்பி வருவான். அவன் பெண்டாட்டி பொன்னுருவி. அவளுக்குக் கையில் பெண் குழந்தை, மயிலி என்று பேர், இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை.

பொன்னுருவிக்குப் பால் வற்றிப் போனது. புல்லும் கிழங்கும் தின்று எப்படிப் பால் ஊறும்? பக்கத்து வீட்டு அங்காயி மகராசி. அவளுக்கும் கைப்பிள்ளை இருந்தது. தன் பிள்ளைக்கு ஒரு பக்கம், மயிலிக்கு ஒரு பக்கம் என்று கொடுத்துப் பார்த்தாள். கொஞ்ச நாளில் அவளுக்கும் சுரப்பு குறைந்துவிட்டது. மயிலி அழுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளை அழுதால் எரிச்சல்படுகிறோமே, அழாத பிள்ளையைப் பார்த்தவர்களுக்குத்தான் அழுகையின் அருமை தெரியும். பொன்னுருவி பயந்து போனாள்.

ஒரு காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்று மணலில் இறங்கினாள். மஞ்சக்காலி அவளைப் பார்த்ததும் தானே நடந்து வந்தது. எல்லாக் குட்டையும் தீர்ந்துவிட்டது, இருந்தால் சொல்லாமல் இருப்பேனா என்று வருத்தப்பட்டது. பொன்னுருவி தலையைக் குனிந்துகொண்டே மடுவைக் கேட்டாள். குடியிருப்பில் பிறந்த யாரும் அதுவரை வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

மஞ்சக்காலி நடப்பதை நிறுத்தியது. பிறகு பொறுமையாகத்தான் சொன்னது. “அங்க இருக்கிறதெல்லாம் சினை மீனு தாயி. இன்னிக்கு நீ ஒண்ணு எடுத்தா, மழை வரும்போது ஆத்துல ஓராயிரம் இல்லாமப் போகும்.”

“மழை வரும்போது என் பிள்ளை இருக்கணுமே, மஞ்சக்கா.”

சொல்லிவிட்டுக் குழந்தையை அதன் முன்னால் மணலில் கிடத்தினாள். வெயில் முகத்தில் அடித்தும் மயிலி கண்ணைச் சுருக்கவில்லை. மஞ்சக்காலியும் அப்போது பிள்ளைத்தாய்ச்சி மாதிரிதான். மடுவோரக் கோரைக்குள் கூடு கட்டி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. குழந்தையைச் சுற்றிச் சுற்றி நடந்தது. அந்த நேரத்தில் அதன் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது. கடைசியில், வா என்று முன்னால் நடந்தது.

கோரையை விலக்கியதும் பொன்னுருவி கண்ணெதிரே தண்ணீர். கறுப்பாக, சலனமில்லாமல் கிடந்தது. தண்ணீருக்குள் முதுகு முதுகாக மீன்கள் நெருக்கிக்கொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு விரால், செக்கச்செவேலென்று மொய்க்கும் குஞ்சுகளுக்குக் கீழே காவலாக நின்றது.

“ஒரு குழம்புக்கு மட்டும் எடுத்துக்கோ. விராலைத் தொடாதே. யாருகிட்டயும் மூச்சு விடாதே” என்றது மஞ்சக்காலி. பொன்னுருவி மயிலியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். கைக்கு அடங்கின கெண்டைகளை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். சொன்ன சொல்லுக்கு மேல் ஒரு மீன் எடுக்கவில்லை. இதை அவளுக்காகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். சட்டிக்கு மூடி போட்டாள், மூடி விளிம்பில் ஈரத் துணியைச் சுற்றினாள். புளித்தண்ணீரில் மீன் விழுந்து ஒரு கொதி வந்ததும் எல்லாம் வீணாகிவிட்டது. மாதக்கணக்கில் மீன் வாசனையே காணாத சனங்கள். கூரை வழியாகக் கசிந்த அந்த வாசனை தெருவின் அந்தக் கோடிவரைக்கும் போனது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை, கிண்ணம் தானாக வர வேண்டும்.

பொன்னுருவி கதவுக்குப் பின்னால் நின்று தவித்தாள். கிண்ணம் அனுப்பினால் மீன் கிடைத்தது தெரிந்துவிடும். அனுப்பாவிட்டால் அந்தத் தெருவில் அவள் மனுசியே இல்லை. சத்தியத்தில் குழம்பை ஊற்றிக் கொடுக்காதே என்று ஒரு சொல் இல்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கதவைத் திறந்து வீடு வீடாக ஊற்றினாள். அவளுக்கு மிஞ்சியது சட்டியின் அடியும் ரெண்டு மீன் தலையும்தான். அதற்கே அவள் உடம்பு பால் கொடுத்தது. மயிலி குடித்தாள், குடித்துவிட்டு அழுதாள். பொன்னுருவியும் கூட உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் அங்காயி வந்தாள். தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். தனக்கும் சுத்தமாகப் பால் நின்றுவிட்டது என்று சொன்னாள். எங்கே பிடித்தாய் என்று நேரடியாகக் கேட்கவில்லை. “உன் பிள்ளைக்குக் கொடுத்தப்போ, ரெண்டு பிள்ளைக்கும் பத்துமான்னு நான் யோசிச்சுப் பார்க்கலையே பொன்னு” என்று மட்டும் சொன்னாள்.

இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பொன்னுருவி இடத்தைச் சொன்னாள். ஒரு குழம்புக்கு மட்டும் அக்கா, விராலைத் தொடாதே, யாருக்கும் சொல்லாதே என்று மஞ்சக்காலி சொன்னதை அப்படியே சொன்னாள். அங்காயியும் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அங்காயி வீட்டில் குழம்பு கொதித்தது. வாசனை போன வீட்டுக்கெல்லாம் கிண்ணம் போனது. பிறகு அங்காயியின் நாத்தனார் வந்தாள், அவள் மாமனார் கடைசி மூச்சில் மீன் சாறு கேட்கிறாராம். அதற்குப் பிறகு அந்த நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்து வீடு. ஒவ்வொருவரும் எடுத்தது ஒரு குழம்புக்குத்தான். ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருந்தது, பொய்யே கிடையாது. அப்புறம் நியாயம் தீர்ந்துபோனவர்களும் போனார்கள். நான் ஒருத்தன் எடுக்காமல் இருந்தால் மட்டும் அது இருக்கவா போகிறது, அடுத்தவன் சட்டிக்குத்தானே போகும் என்று பேசிக்கொண்டார்கள். ஆகா, என்ன பேச்சு. இந்தப் பேச்சுக்கு இன்றைக்கும் வயசே ஆகவில்லை.

ஒரு நாள் தெருவே காலியாக இருப்பதைப் பொன்னுருவி பார்த்தாள். மடுவுக்கு ஓடினாள். ஊரே அங்கே நின்றது. கோரையை அறுத்துச் சேற்றோடு மிதித்து வரப்பு போட்டிருந்தார்கள். பானை பானையாகத் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டினார்கள். அடிச்சேற்றில் சினைக் கெளுத்திகள் புரண்டன. விராலை ஒருவன் செவுளில் விரல் விட்டுத் தூக்கினான். குஞ்சுகள் சேற்றில் சிவப்புச் சிவப்பாகத் துடித்தன.

விராலையாவது விட்டுவிடுங்கள் என்று கும்பிட்டாள். தூக்கினவன் திரும்பிப் பார்த்தான். கோபமாகக்கூடப் பேசவில்லை.

“முதல்ல எடுத்தது நீதானே, பொன்னுருவி?” என்றான்.

மஞ்சக்காலி தலைக்கு மேல் வட்டமடித்துக் கதறிக்கொண்டிருந்தது. அறுத்துப் போட்ட கோரைக்குள் அதன் கூடு நசுங்கி, முட்டைகள் சேற்றோடு சேறாகியிருந்தன. எந்தக் கால் மிதித்தது என்று யாருக்கும் தெரியாது, அத்தனை கால்கள். அது கதறியதை அன்றைக்கு ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. கண்ணோரத்துச் சதை ரத்தமாகச் சிவக்கும்வரை அழுதது. இப்போதும் பாருங்கள், அந்தச் சிவப்பு அதன் முகத்தில் அப்படியே இருக்கிறது.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. கேலி செய்கிற மாதிரி, ஆடியிலேயே வெள்ளம் வந்துவிட்டது. தவசியும் மற்றவர்களும் வலையோடு ஓடினார்கள். நுரையும் சருகும் வந்தன. மறுநாளும் அதுதான். புது வெள்ளத்தில் எதிர்த்துத் துள்ளி ஏறுகிற மீன் ஒன்றுகூட இல்லை. கரை நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு குடியிருப்பு பட்டினி கிடந்தது. தண்ணீர் இருந்தால் மீன் இருக்கும் என்று நினைத்திருந்தவர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொரு வீடாகச் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் பார்த்துக் கிளம்பியது. அங்காயியும் போனாள். போகும்போது பொன்னுருவியைக் கட்டிக்கொண்டாள்.

தவசியும் மூட்டை கட்டினான். கிளம்புகிற அன்றைக்குப் பொன்னுருவி மயிலியைக் கைபிடித்து ஆற்றங்கரைக்கு நடத்திக் கூட்டி வந்தாள். ஆமாம், மயிலி பிழைத்துவிட்டாள், நடக்கவும் பழகிவிட்டாள். மஞ்சக்காலியைப் பார்த்து இந்தக் குழந்தையைக் காட்ட வேண்டும், காலில் விழ வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அது கரைமேட்டில், ஒரு புல்கூட இல்லாத பொட்டல் வெளியில் உட்கார்ந்திருந்தது. அதன் வயிற்றுக்கடியில், கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரியாதபடி முட்டைகள் கிடந்தன. ஒளித்து வைக்க ஓர் இடம் இருந்தால்தானே அதை யாராவது காட்டிக்கொடுக்க முடியும்.

“மஞ்சக்கா, நான்தான், பொன்னுருவி. உன்னாலதான் என் பிள்ளை உசிரோட இருக்கு.”

அது தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. குழந்தையையும் பார்த்தது. அதற்கு அவளைத் தெரியாமல் இல்லை. விருட்டென்று எழும்பி ஆற்றுப் பக்கமாகப் பறந்து, நெஞ்சு வெடிக்கிற குரலில் கத்தியது:

“ஆளு! ஆளு வருது! ஆளு!”

ஓடுங்கள், ஒளிந்துகொள்ளுங்கள் என்று அது மீன்களுக்குச் சொன்னது. ஆற்றில்தான் ஒரு மீனும் இல்லையே. பொன்னுருவி நின்ற இடத்திலேயே நின்றாள். மயிலி பயந்துபோய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

அதற்கப்புறம் மஞ்சக்காலி மனிதர்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று முதல்தான் அதை ஆள்காட்டி என்று கூப்பிடுகிறோம். நல்லவர் வந்தாலும் கெட்டவர் வந்தாலும், பெற்றவள் பிள்ளையோடு வந்தாலும், அதற்கு நாம் எல்லோரும் வெறும் ஆள்தான்.