அப்பாவுக்கு ஓய்வு

புளியங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உலகநாதன் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன், தவசிக்கனி, பீர்முகமது. கடைசி இருவரும் வேலையாட்கள் இல்லை, கூட்டாளிகள். மூவருக்கும் சேர்த்து ஓர் ஆள் மூளை இருந்தது என்று சொன்னால் அது கொஞ்சம் தாராளம்.

இந்த மூவரும் இணையத்தில் கூடைப்பந்து அணி ஒன்றை நடத்தினார்கள். நிஜப் பந்து கிடையாது, நிஜ ஆட்டக்காரர்களும் கிடையாது. யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று நாம் குறித்துவிட்டால் மற்றதை விளையாட்டே ஆடி முடித்து, ஜெயித்தது யார் என்று சொல்லிவிடும். ஆட்டக்காரர்களுக்குப் பெயர் மட்டும் நாம் வைக்கலாம். வினையே அங்கேதான் தொடங்கியது. அணியிலேயே நெட்டையான ஆளுக்கு உலகநாதன் பயபக்தியோடு தன் அப்பா சங்கரலிங்கத்தின் பெயரை வைத்து, கேப்டன் பதவியும் கொடுத்தான். அதன்பிறகு பெற்ற தகப்பனை எப்படி "வெளியே போங்க" என்று சொல்வது? தலை நரைத்த அந்த நெட்டை மனிதர் ஒவ்வோர் ஆட்டத்திலும் மூச்சு வாங்க ஓடினார். அணி விடாமல் தோற்றது.

நிஜ சங்கரலிங்கம் ஐந்தடி உயரம். எலுமிச்சங்காய் வியாபாரத்தை விட்டபிறகு தினமும் மகன் கடைக்கு வந்து, ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

பாதி சீசன் முடிந்ததும், இந்த அணிகளுக்கான லீக் போட்டியை நடத்தும் கோயம்புத்தூர் ஜெபராஜ் ஒவ்வோர் அணிக்கும் மதிப்பீடு எழுதி அனுப்பினார். ஜெபராஜ் பிறந்ததிலிருந்து பந்தைத் தொட்டதில்லை. அதனால் யாரைப் பற்றியும் தயங்காமல் எழுதுவார். இவர்களுக்கு எழுதியது இது: "கடைசி இடம். சொந்த ஊர் ஆட்டத்தில்கூட ஆரவாரம் இல்லை. உயரத்தைப் பயன்படுத்தத் தெரியவில்லை. சங்கரலிங்கம் களைத்துவிட்டார், ஓய்வு கொடுங்கள். சீசன் முடிவிலும் கடைசி என்றால் அணி கலைக்கப்படும், ஆட்டக்காரர்கள் ஏலம் விடப்படுவார்கள்."

உலகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கப்பாவ ஏலம் விடுவாங்களாம்லா!"

"எடுக்கவன் வேளாவேளைக்குச் சோறு போடுவானான்னு தெரியலியே" என்றான் பீர்முகமது.

சங்கரலிங்கம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏலே, யார ஏலம் விடுதாங்க?"

"உங்கள இல்லப்பா. நீங்க பேப்பரப் படிங்க."

முதலில் ஆரவாரம். தவசிக்கனி ஒரு நையாண்டி மேளக் கோஷ்டியைக் கூட்டி வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் நிறுத்தினான். ஆதார் அட்டை நகலெடுக்க வந்தவர்கள் அட்டையைக்கூட வாங்காமல் ஓடினார்கள். அணி தோற்றது.

அடுத்தது உயரம். கம்ப்யூட்டரைத் தூக்கி பீரோவின் உச்சியில் வைத்தார்கள். உலகநாதன் ஏணியில் ஏறி நின்று அப்பாவை ஆட்டத்தில் இறக்கினான். அணி தோற்றது. அவன் ஏணியிலிருந்து விழுந்தான்.

மிச்சம் இருந்தது ஓய்வு. மூவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"வெளிச்சத்துல எப்படித் தூங்குவாரு?" என்றான் தவசிக்கனி.

"அப்போ கம்ப்யூட்டர அணைச்சிருவோம்."

"அணைச்சா உள்ள புழுங்கும்லா. வயசானவரு."

உலகநாதன் எழுந்துபோய் கம்ப்யூட்டரை அணைத்துக் கீழே இறக்கிவிட்டு, ஃபேனை எடுத்து அதன் பக்கம் திருப்பி வைத்தான்.

"ஏலே, எனக்கு வேர்க்குலே" என்றார் சங்கரலிங்கம்.

"நீங்க சும்மாதான இருக்கிய? அவரு ஆடிட்டு வந்து படுத்திருக்காரு."

அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. நாம் ஆட்களைக் குறிக்காவிட்டால், இருப்பதிலேயே நல்ல ஆட்களைப் பார்த்து அதுவே இறக்கிவிடும். அது அப்பாவை ஓரமாக உட்கார வைத்துவிட்டு இளவட்டங்களை இறக்கியது. ஆட்டம் முடிந்ததும் பீர்முகமதுவின் செல்லுக்கு ஜெபராஜிடமிருந்து செய்தி வந்தது: "முதல் வெற்றி. வாழ்த்துகள்."

"தூக்கத்துலயே ஜெயிச்சிட்டாருடே!" என்று உலகநாதன் குரலை அடக்கிக்கொண்டு அழுதான். சிறுபிள்ளையில் அப்பா தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. தூக்கியவர் பக்கத்திலேயே வேர்த்துக்கொண்டிருந்தார்.

அன்று முதல் கம்ப்யூட்டருக்கு மேல் போர்வை ஏறியது. ஜன்னலை அடைத்தார்கள். பிரிண்ட் எடுக்க வந்தவர்களை வாசலிலேயே கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கடை படுத்துவிட்டது, அணி எழுந்துவிட்டது. வரிசையாக ஜெயித்து, ஏலத்திலிருந்து தப்பி, கடைசியில் கோப்பையே இவர்களுக்கு என்று ஆனது.

இந்த வெற்றியின் சூட்சுமத்தைக் கேட்டு அடுத்த சீசன் மதிப்பீட்டில் எழுதிவிடலாம் என்று ஜெபராஜே கோப்பையோடு பஸ் ஏறி வந்தார். கடைக் கதவு பாதி மூடிக் கிடந்தது. உள்ளே கும்மிருட்டு. போர்வை மூடிய கம்ப்யூட்டருக்கு முன்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பேர் உதட்டில் விரலை வைத்தபடி நின்றார்கள்.

"கேப்டன் பேரைக் கோப்பையில பொறிச்சே கொண்டாந்துட்டேனுங்க" என்றார் ஜெபராஜ். "சங்கரலிங்கம்ங்கறது யாருங்க?"

மூலையில், சட்டை முதுகோடு ஒட்டிப்போய், மடித்த பேப்பரால் விசிறிக்கொண்டிருந்த பெரியவர் ஆவலோடு எழுந்தார். "நான்தாய்யா சங்கரலிங்கம்!"

உலகநாதன் பாய்ந்து போய் அவர் வாயைப் பொத்தினான்.

"சத்தம் போடாதீங்கப்பா! அப்பா தூங்குதாரு."