மூணு வருஷத் தேய்மானம்

மணாலியில் பனிச்சறுக்குப் பலகைகளுக்கு விளிம்பு தீட்டும் கடை ஒன்றில் வேலை பார்த்தாள் சங்கரன்கோவில் முத்துப்பேச்சி. ஒருநாள் கோயம்புத்தூர் மில் முதலாளி தண்டபாணி, மனைவியும் ஊர்க்காரர்களும் சூழ வந்து, தன் பலகைகளை அவள் முன் போட்டார்.

"மூணு வருஷமா குளிர்காலத்துல சுவிட்சர்லாந்து போய்ச் சறுக்கித் தேஞ்சது. நான் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள புதுசாக்கோணும். முடியலீன்னா ஊருக்குப் போய் மாடு மேயி."

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கூச்சத்தில் அவளுக்குக் காது சுட்டது. பலகையைப் புரட்டினாள். வாங்கும்போதே ஒட்டியிருந்த கண்ணாடித் தாள் விளிம்பை மூடியபடி அப்படியே இருந்தது.

"டீ முடியுத வரைக்கும் எதுக்கு ஐயா, இப்பவே ஆக்கித் தாரேன்" என்று தாளைச் சர்ரென்று உரித்தாள். இரும்பு விளிம்பு பளபளத்தது. "மூணு வருஷத் தேய்மானமும் போயிட்டு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, அப்ப மூணு வருஷமும் எங்கீங்க போயிட்டு வந்தீங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

சிரிப்பு நின்றுபோனது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க வெட்கி, தீட்டவே வேண்டாத விளிம்பை அரத்தால் தீட்டிக்கொண்டே இருந்தாள் முத்துப்பேச்சி.