ஒரே கிளிக்கில் துடைத்த வானம்

ஹாஜிரா டீச்சர் வீட்டில் ஒரு விதி உண்டு. படத்தைக் கணினியில் திறந்ததும் யாரும் கை வைக்கக் கூடாது. அதில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும். வெளிச்சம் கூட்டுவதோ, நிறம் ஏற்றுவதோ, வெட்டுவதோ எல்லாம் அதற்கப்புறம்தான்.

டீச்சருக்கு முப்பது வயதுதான் இருக்கும். நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமையானால் வேதாரண்யத்தில் அவர் வீட்டில் படம் எடுக்கும் ஆசை பிடித்த நாலைந்து பேர் லேப்டாப்பும் கையுமாகக் கூடுவார்கள். 'அந்தச் சின்னப் பெண்ணிடம் போய் என்னத்தைக் கற்றுக்கொள்வது?' என்று கேட்ட பெரிய மனிதர்கள் ஊரில் நிறைய. அவர்கள் எடுத்த படங்களையும் ஊர் பார்த்திருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

பக்கிரிசாமி அப்படிக் கேட்டவரில்லை. ஐம்பதைத் தாண்டிய வயதில், மருந்துக் கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, வாரம் தவறாமல் வந்தார். ஆனால் அந்த விதி மட்டும் அவருக்குச் சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. "கண்ணுக்குத் தெரியுறதை எதுக்கு ஒப்பிக்கணும்?" என்பார். டீச்சர் எதிரில் ஒப்பிப்பார். வீட்டில் ஒப்பிப்பதில்லை.

அந்த ஞாயிறு அவர் வந்து உட்கார்ந்தபோதே முகம் சரியில்லை.

ஊர் நூலகத்தில் ஆண்டுக்கொரு முறை புகைப்படக் கண்காட்சி வைப்பார்கள். இரண்டு வருடமாக அவர் கொடுத்த படம் திரும்பி வந்துவிட்டது. இந்த முறையும் திரும்பி வந்தால் கேமராவை விற்றுவிடுவதென்று வீட்டிலும் வகுப்பிலும் சொல்லிவிட்டார். வாங்கிக்கொள்ள லூர்து தயாராக இருந்தான். லூர்துவும் டீச்சரிடம் படிப்பவன்தான், பத்திர எழுத்தர். அடுத்தவர் கேமராவைப் பார்த்தாலே அதன் விலையைக் குறைத்துப் பேச ஆரம்பித்துவிடுவான்.

படம் கொடுக்க அன்று மாலையே கடைசி.

"டீச்சர், எனக்கு ஒரு முடிவு சொல்லுங்க. எந்த சாப்ட்வேரை வாங்கட்டும்?"

"என்னென்ன பாத்து வச்சிருக்கீங்க?"

"ஒண்ணு இலவசம். ஆனா எல்லா வேலையும் நாமளே இழுத்துப்போட்டுச் செய்யணும். இன்னொண்ணு மாசாமாசம் கட்டணும். கட்டுறதை நிறுத்தினா கதவைச் சாத்திடுவான்."

"நாம எடுத்த படத்துக்கு நாமளே வாடகை கட்டணுமா?" என்றான் லூர்து. "என்ன அக்கிரமம் இது? அண்ணே, என் பென்டிரைவ்ல இருக்கு. அதே சாப்ட்வேர். பைசா செலவில்ல."

"திருட்டுக் காப்பி" என்றார் பக்கிரிசாமி.

"ஏன் அப்படிச் சொல்றீங்க? நல்லதை நாலு பேருக்குக் கொடுக்கிறது திருட்டா?"

"போன தடவை நீ கொடுத்த நல்லதுல என் கடை கம்ப்யூட்டர் படுத்த படுக்கையாயிடுச்சு. மருந்துக் கடையிலயே காய்ச்சல். வந்தவனெல்லாம் சிரிச்சான்."

டீச்சரும் சிரித்துவிட்டார். பிறகு கேட்டார்: "உங்க மனசு எதுல நிக்குது அண்ணே?"

"மாச வாடகையிலதான். ஒரு மாசம் சும்மா போட்டுப் பார்க்க விட்டான். இன்னையோட முடியுது. நம்ம வசதிக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆனா அது செய்யுற வேலையைப் பாருங்க, அப்பறம் சொல்லுங்க."

லேப்டாப்பைத் திருப்பி வைத்தார்.

கோடிக்கரைச் சதுப்பு. புரட்டாசி மாத விடியல். கண்ணாடியாகக் கிடக்கும் தண்ணீரில் ஒற்றை மரக்கம்பு. மேலே படத்தின் முக்கால்வாசிக்கு வானம், மாசு மருவில்லாத வெளிர் ரோஜா நிறத்தில்.

"இது துடைச்சதுக்கு அப்பறம். முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு பாருங்க." ஒரு பொத்தானைத் தட்டினார். அதே வானம் முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு. மிளகுத்தூளை அள்ளித் தூவியதுபோல. "உப்புக்காத்து. லென்சை மாத்தும்போது உள்ளே தூசி போயிடுச்சு. இந்த சாப்ட்வேர் ஒரே கிளிக்குல மொத்தத்தையும் எடுத்துடுச்சு டீச்சர். ஒரே கிளிக்!"

"எது தூசின்னு அதுக்கு யாரு சொன்னது?"

"அதுக்கே தெரியும். பெரிய பெரிய மூளைக்காரங்க செஞ்சது."

"இலவசத்துல இப்படி எடுக்க முடியாதா?"

"முடியும். ஒவ்வொண்ணா எடுக்கணும். மனுசன் செய்யுற வேலையா அது?"

டீச்சர் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "கேமராவுல வந்த மூலப் படம் இருக்கா? கை படாதது?"

"இருக்கு."

"அதை இலவசத்துல திறங்க. தூசியை எடுங்க. ஒவ்வொண்ணா."

"டீச்சர்!"

"எடுங்க அண்ணே."

"நான் எதை வாங்குறதுன்னு கேட்டேன். நீங்க தண்டனை கொடுக்கிறீங்க. வெளக்கமாறு வாங்க வந்தவனை வாசலைக் கூட்டச் சொன்ன கதையா இருக்கு. சாயந்தரத்துக்குள்ள படம் கொடுக்கணும். அது தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும். நான் போய் டீ போடுறேன்."

டீச்சர் உள்ளே போய்விட்டார்.

பக்கிரிசாமி லூர்துவைப் பார்த்தார். "என்னை எதுக்குப் பாக்குறீங்க? கேமரா பெட்டியோட பில்லும் இருக்குல்ல?" என்றான் அவன்.

வேறு வழியில்லை. இலவச மென்பொருளில் படத்தைத் திறந்தார். அதில் ஒரு புள்ளியை எடுக்க வேண்டுமானால் ஒரு சின்ன வட்டத்தை அதன்மேல் சரியாகப் பொருத்த வேண்டும். பொருத்த வேண்டுமானால் படத்தைப் பெரிதாக்கியே தீர வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பெரிதாக்கினார். ஓரத்தில் கிடந்த முதல் புள்ளி மங்கலாக, உருண்டையாக இருந்தது. தூசிதான். வட்டத்தை வைத்தார். போயிற்று.

"ஒண்ணு" என்றார் எரிச்சலோடு.

அடுத்ததற்கு நகர்ந்தார். வட்டத்தை அதன்மேல் கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்.

அந்தப் புள்ளிக்கு இரண்டு இறக்கைகள் இருந்தன.

பக்கத்துப் புள்ளிக்குப் போனார். அதற்கும் இருந்தது. இறக்கை மேலே தூக்கியபடி. அதற்கடுத்தது இறக்கையைக் கீழே அழுத்தியபடி. அதற்கடுத்தது பக்கவாட்டில் திரும்பி, வயிற்றில் விடியலின் சிவப்பு பட்டு, ஊசிமுனை அளவு மினுங்கியது.

"லூர்து" என்றார். "டேய் லூர்து."

லூர்து நாற்காலியை இழுத்துப்போட்டுக் குனிந்தான். ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தவன் அதை விட்டுவிட்டுத் திரையருகே மூக்கைக் கொண்டுபோனான்.

பக்கிரிசாமி படத்தை மெல்ல நகர்த்தினார். இடது மூலையிலிருந்து. நகர்த்த நகர்த்தப் பறவைகள் வந்துகொண்டே இருந்தன. வரிசையாக, கலைந்து, திரும்பச் சேர்ந்து, ஒன்றன் வாலில் ஒன்றாக. இனி வெறும் வானம்தான் என்று நினைத்த இடத்தில் இன்னொரு கூட்டம். அதற்கும் மேலே, இன்னும் பொடியாக, இன்னொன்று. திரையின் ஓரத்தை விட்டு ஒரு கூட்டம் வெளியேறுவதற்குள் அடுத்தது உள்ளே நுழைந்தது. தன்னை அறியாமல் அவர் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியிருந்தார்: "இங்க ஒரு கூட்டம்... இதுக்கு மேல ஒண்ணு... இது தனியாப் போகுது... அம்மாடி, இங்க பாரு, இங்க..."

மூச்சு விட்டால்கூட அவை கலைந்துவிடும்போல் இருந்தது.

டீச்சர் டீத் தம்ளர்களோடு வந்தார். திரையைப் பார்த்தார். அவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. கையில் தம்ளர் சுடுவதுகூட உறைக்காமல் நின்றார்.

"கொசு உள்ளான்" என்றார் மெதுவாக. "வடதுருவத்துப் பக்கத்துலேருந்து வருதுங்க அண்ணே. உங்க கடை மாத்திரை அட்டை ரெண்டைச் சேத்துப் பிடிச்சா என்ன கனமோ அவ்வளவுதான் ஒண்ணோட கனம். அத்தனை தூரமும் பறந்து, நீங்க நின்ன அந்தக் காலையில வந்து சேந்திருக்கு."

டீ ஆறியது.

பக்கிரிசாமி மற்ற மென்பொருளில் இருந்த படத்தையும் திறந்து பக்கத்தில் வைத்தார். ஒரு வானம் நிறைந்திருந்தது. ஒரு வானம் துடைத்துவிட்டாற்போல் காலி. சற்றுமுன் இதைத்தான் பெருமையாகக் காட்டினோம் என்று நினைத்தபோது காது மடல் சுட்டது.

"எது தூசின்னு இதுக்கு யாரு டீச்சர் சொன்னது?"

"நீங்கதான் அண்ணே. ஒரே கிளிக்குல."

தலை நிமிராமலே அவர் சொன்னார்: "ஒரு மாசமா எடுத்த எல்லாத்தையும் இப்படித்தான் துடைச்சேன்."

"மூலப் படத்தையெல்லாம் வச்சிருக்கீங்கல்ல?"

"வச்சிருக்கேன்."

"அப்ப எதுவும் எங்கயும் போகல."

திரையின் மூலையில் ஒரு பெட்டி முளைத்தது. சோதனைக் காலம் இன்றோடு முடிகிறதாம். "தொடர விருப்பமான்னு கேக்குது" என்று லூர்து வாசித்தான். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அது தானே மறைந்துகொண்டது.

"இந்தப் படத்தை இப்படியே கொடுத்தா," என்றார் பக்கிரிசாமி, "தூசி படிஞ்ச படம்னு திருப்பி அனுப்பிடுவாங்களா டீச்சர்?"

"அனுப்பலாம். கிட்ட வந்து பாக்காதவங்க அனுப்பத்தான் செய்வாங்க."

"அனுப்பினா கேமரா எனக்கு. பேச்சு மாறக் கூடாது" என்றான் லூர்து. ஆனால் அவன் கண் திரையை விட்டு நகரவில்லை. குரலில் பேரம் பேசும் சுருதியும் இல்லை.

அது பக்கிரிசாமியின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அந்த விடியலுக்கே போய்விட்டார் அவர். ஈரக்காற்று. முழங்கால்வரை சேறு. ஒவ்வொரு படம் எடுத்ததும் கேமராவின் முதுகில் இருக்கும் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தது. வெளிச்சம் போதுமா, கம்பு நடுவில் விழுந்ததா, இந்த வருடமாவது சுவரில் தொங்குமா. நிமிர்ந்ததாக மட்டும் நினைவில்லை.

"டீச்சர், நான் அங்கதானே நின்னேன். என் தலைக்கு மேலதானே இத்தனையும் போயிருக்கு. எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

டீச்சர் மேசைமேல் கிடந்த அவருடைய கேமராவை எடுத்து, பட்டையின் சிக்கலைப் பிரித்து, அவர் கையில் கொடுத்தார்.

"இதுக்குத் தெரிஞ்சிருக்கே அண்ணே. இதைத்தானே விக்கப் போறேன்னு சொன்னீங்க?"