பூதலிங்கத்தின் அசையாத ஸ்டாண்டு

பணகுடியில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மொட்டை போட்ட குழந்தையிலிருந்து மாலை போட்ட மாப்பிள்ளை வரைக்கும் இந்த ஊரில் என் கேமராவுக்குள் வராத ஆள் கிடையாது. வராத ஒரே ஆள் நான்தான். எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் என் மனைவி வடிவு இருப்பாள், மகள் கோமதி இருப்பாள், மச்சினன் இருப்பான், மச்சினன் வாங்கிய ஸ்கூட்டர்கூட இருக்கும். என்னைப் பார்க்க வேண்டுமானால் கோமதியின் காதுகுத்துப் படத்தில் தரையைப் பார்க்க வேண்டும். அங்கே நிழலாக விழுந்து கிடப்பேன்.

கோமதிக்கு நிச்சயதாம்பூலம் முடிவானதும் வடிவு கறாராகச் சொல்லிவிட்டாள். "நாளைக்கு கோமதி பிள்ளை 'எங்க தாத்தா எங்க?'ன்னு கேட்டா, உங்க நிழலையா காட்டச் சொல்லுதீய? இந்தப் படத்துல நீங்க நிக்கணும்."

யாரையாவது பட்டனை அமுக்கச் சொல்லலாமே என்பீர்கள். சொல்லிப் பார்த்தாயிற்று. போன பொங்கலுக்கு மச்சினன் எடுத்த படத்தில் பதினாறு பேருடைய இடுப்பு ரொம்பத் தெளிவாக விழுந்திருந்தது. வேறு ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டால் எங்கள் சங்கத்தில் என்னை ஆயுசுக்கும் ஓட்டுவார்கள். டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய் நிற்பது ஒன்றுதான் வழி. அதற்கு ஒரு ஸ்டாண்டு வேண்டும். ஸ்டுடியோவில் இருக்கிற ஸ்டாண்டு பழைய இரும்பு. அதை எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏற்ற வேண்டுமானால் முதலில் சுவரை இடிக்க வேண்டும். முப்பது பேர் நிற்க மொட்டைமாடியை விட்டால் வேறு இடமும் இல்லை. மாடியிலோ ஆனி மாசக் காற்று. கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றில், எங்கள் தெருவில் காயப்போட்ட வேட்டியை அடுத்த தெருவில் போய்த்தான் எடுத்து வருவோம்.

ஆக, கையடக்கமாக இருக்க வேண்டும், காற்றுக்கு அசையக்கூடாது, ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. நிச்சயத்துக்கு முந்தின நாள் காலையில், கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வள்ளியூரில் கேமரா சாமான் விற்கிற பூதலிங்கம் கடைக்குப் போனேன்.

பூதலிங்கம் ஆள் குட்டை, அகலம் தாராளம். உரலை நட்டு வைத்த மாதிரி கல்லாவுக்குப் பின்னால் நிற்பார். அவரிடத்தில் அசைவது வாய் மட்டும்தான். வாய் அசைந்தால் வயிறும் கூடச் சேர்ந்து குலுங்கும். பக்கத்துக் கடையில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற மிக்கேல் வேலை இல்லாத நேரமெல்லாம் இங்கே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பெரும்பாலும் வேலை இருப்பதில்லை.

"வாரும்வே ஸ்டுடியோ! ஸ்டாண்டா? இந்தாரும்." மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புப் பையை எடுத்து வைத்தார் பூதலிங்கம். "ஆயிரத்து நானூறு. பேரு போட்ட கம்பெனி ஸ்டாண்டெல்லாம் எட்டாயிரம், பத்தாயிரம் சொல்லுவான். அதெல்லாம் இதைப் பாத்தா எந்திரிச்சு நின்னு இடம் குடுக்கும்."

"ரொம்பச் சின்னதா இருக்கே அண்ணாச்சி."

"சின்னதா? இது விரிச்சு வச்சிருக்குவே. மடக்கினா கண்ணுக்கே தெரியாது. திசையன்விளையில ஒரு வாத்தியாரு வாங்கிட்டுப் போனாரு. மடக்கி எங்கயோ வச்சிட்டாரு. மூணு நாளு வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடியாச்சு. கடைசியில பாத்தா மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருக்கு!"

"அப்பம் மூக்குக்கண்ணாடி எங்க இருந்துச்சு?" என்றார் மிக்கேல்.

"அது ஸ்டாண்டு பைக்குள்ள. அது வேற கதை."

நான் பையைப் பிரித்தேன். பார்வைக்கு லட்சணமாகத்தான் இருந்தது. "சின்னதுன்னா காத்துல பறந்துருமே" என்றேன்.

அதைக் கேட்டதும் பூதலிங்கம் கண்ணை மூடித் திறந்தார். பழைய சண்டையை நினைத்துக்கொண்ட மாதிரி.

"போன ஆடி. ஆரல்வாய்மொழி கணவாய்க்குள்ள இதை ஊணிட்டு நிக்கேன். காத்துன்னா அது காத்து. காக்கா முன்னால பாத்துப் பறக்கு, பின்னால போவுது. ஒரு பால்காரன் சைக்கிளை மிதிக்கான், மிதிக்கான், போவ வேண்டிய ஊரு தள்ளிப் போவுது, கிளம்புன வீடு கிட்ட வருது. என் வேட்டி அப்பவே ராதாபுரம் போய்ச் சேந்தாச்சு. ஆனா ஸ்டாண்டு? ஒரு நூலு அசையல. காத்து வந்து முட்டிச்சு. மறுபடியும் முட்டிச்சு. அப்புறம் என்ன செய்யும்? வந்த வழியே கேரளாவுக்குத் திரும்பிட்டு."

"காத்து திரும்பிட்டு?"

"கேளும். காத்து நின்னதும் பின்னால இருந்த கரண்டு எடுக்குற காத்தாடி அத்தனையும் நின்னு போச்சு. வள்ளியூர்ல கரண்டு இல்ல, கிரைண்டரு சுத்தல. ஜீப்புல ரெண்டு இஞ்சினியரு வந்து கையெடுத்துக் கும்பிடுதாவ. 'அண்ணாச்சி, தயவுசெஞ்சு ஸ்டாண்டை மடக்குங்க. ஊருல இட்லிக்கு மாவாட்டணும்'னு. பாவம்னு மடக்கினேன்."

"அன்னைக்குக் கரண்டு போனது மழையிலன்னுல்லா பேப்பர்ல போட்டான்" என்றார் மிக்கேல்.

"நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். விளம்பரம் நமக்குப் பிடிக்காது."

நான் ஸ்டாண்டின் ஒரு காலை இழுத்துப் பூட்டிப் பார்த்தேன். பூட்டிய பிறகும் அது உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. "பூட்டு லூசா இருக்கே" என்றேன்.

"லூசா? எந்தக் காலைப் பாத்து என்ன சொல்லுதீரு!" பூதலிங்கத்துக்கு நிஜமாகவே வருத்தம். "நாங்குநேரி ரோட்டுல டவுன் பஸ்ஸு பஞ்சர். ஜாக்கி இல்ல. டிரைவர் தலையில கைய வச்சு உக்காந்துட்டான். நான் இதை அடியில வச்சு மூணு காலையும் மெல்ல நீட்டினேன். பஸ்ஸு எந்திரிச்சு நின்னுச்சு. உள்ள அறுபது பேரு. ஒருத்தருக்கும் தெரியல, கண்டக்டரு டிக்கெட்டு கிழிச்சுட்டே இருக்காரு. டயரை மாத்துனானா? அவசரத்துல ஸ்டாண்டை எடுக்க மறந்து வண்டியக் கிளப்பிட்டான்."

"ஐயையோ!"

"என்ன ஐயையோ? டயரு தரையில படல. மூணு காலையும் எட்டி எட்டி வச்சு பஸ்ஸு நாங்குநேரி வரைக்கும் நடந்தே போச்சுவே. வேகத்தடையெல்லாம் அதுவே பாத்துத் தாண்டுது. மாசமா இருந்த ஒரு பிள்ளை, இப்படிக் குலுங்காத பஸ்ஸு தினம் விடணும்னு மனுவே எழுதிக் குடுத்துட்டுல்லா இறங்கிச்சு."

மிக்கேல் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கையில் இருந்தால் சிந்திவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மறுநாள் மாடியில் நிற்கப் போவது நானல்லவா? "அண்ணாச்சி, பஸ்ஸை விடும். எனக்கு ஒரே ஒரு படம். அது தெளிவா விழுமா?"

பூதலிங்கம் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். மகேந்திரகிரி மலை. ஒரே மங்கல். மலைக்கு ரெண்டு மூணு உச்சி தெரிந்தது.

"ஆடியிருக்கே!"

"ஆடியிருக்கு. நான் இல்லேங்கல. ஆனா யோசியும். ஸ்டாண்டு அசையல. அது சத்தியம். அப்பம் அசைஞ்சது யாரு?"

மிக்கேல் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டார்.

"மலைவே! அன்னைக்கு மலை அசைஞ்சுட்டு!" பூதலிங்கத்தின் வயிறு குலுங்கோ குலுங்கென்று குலுங்கியது. "இன்னொண்ணு சொன்னா நம்பமாட்டீரு. மலைக்கு இந்தப் பக்கம் இதை ஊணிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா ஸ்டாண்டு மலைக்கு அந்தப் பக்கம் நிக்கி. யாரும் தொடல. பூமி சுத்துதுல்லா? இது சுத்தல. நின்ன இடத்துலயே நின்னுட்டு. நாமதான் நகந்து போயிட்டோம்."

"நல்லவேளை, ரெண்டு டீ குடிக்கல" என்றார் மிக்கேல். "குடிச்சிருந்தா ஸ்டாண்டைத் துபாய்ல போயில்லா எடுக்கணும்."

நான் என் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, கடை நடுவில் நிறுத்தினேன். "சரி அண்ணாச்சி. அந்த மேஜை ஃபேனைப் போடும்."

"எதுக்கு?"

"காத்துக்குத்தான்."

பூதலிங்கம் மூக்கை உறிஞ்சினார். "எனக்குச் சளி பிடிச்சிருக்கு."

"கணவாய்க் காத்துல வேட்டியில்லாம நின்னவருக்கு மேஜை ஃபேனா ஒத்துக்கல?" என்று எழுந்துபோய் மிக்கேலே சுவிட்சைத் தட்டினார். ஒன்றாம் நம்பரில்தான் வைத்தார். காற்று வந்து கேலண்டரைக்கூடப் புரட்டவில்லை. ஸ்டாண்டின் ஒரு கால் மட்டும் மெதுவாக, மரியாதையாக, உள்ளே போனது. கேமரா சாய்ந்தது. எங்கள் வீட்டுச் சோறே அந்தக் கேமராதான்.

கல்லாவுக்குப் பின்னால் இருந்த மனுஷன் முன்னால் எப்படி வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தடாலென்று ஒரு சத்தம். பார்த்தால் பூதலிங்கம் தரையில் மல்லாக்கக் கிடக்கிறார். கேமரா அவர் வயிற்றின் மேல் சேதாரமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

"பாத்தீரா," என்றார் தரையிலிருந்தே, "விழுந்தாலும் இடம் பாத்து விழுத ஸ்டாண்டு." ஆனால் குரலில் சத்து இல்லை. மெதுவாகக் கேட்டார்: "கேமராவுக்கு ஒண்ணும் ஆகலையேவே?"

கோபம்தான் வந்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு வரவில்லை. அந்த நேரத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். பூதலிங்கம் பேசாமல் கிடந்தார். வயிறு அசையவில்லை. கேமராவும் அசையவில்லை.

"ஸ்டாண்டு வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். "நாளைக்குக் காலையில நீரு வாரும்."

"நானா?"

"குட்டையா, உறுதியா, காத்துக்கு அசையாம இருக்கீரு. மடக்க முடியாது, அவ்வளவுதான் குறை. கேமராவ வயித்து மேல வச்சுப் பிடிச்சுக்கிட்டாப் போதும், டைமரை நான் தட்டிட்டு ஓடிப் போயி நிப்பேன். பத்தே செகண்டு. ஆனா வாயைத் திறக்கப்படாது. நீரு பேசினா வயிறு குலுங்கும், படம் போயிரும்."

"நடக்காத காரியம்வே" என்றார் மிக்கேல். "மலையை வேணா அசையாம நிக்கச் சொல்லும்."

மறுநாள் மாடியில் காற்றென்றால் சரியான காற்று. சம்பந்தியின் துண்டு தண்ணீர்த் தொட்டியில் போய் மாட்டிக்கொண்டது. பெண்கள் முந்தானையை ஒரு கையிலும் கூந்தலை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பூதலிங்கம் வேட்டியை இறுக்கி மடித்துக் கட்டி, காலை அகட்டி, கேமராவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து நின்றார். நான் குனிந்து பார்த்து, சரி பண்ணி, டைமரைத் தட்டினேன். ஓடினேன். வடிவுக்கும் கோமதிக்கும் நடுவில் எனக்கென்று ஒரு இடம் விட்டிருந்தார்கள். அதில் போய் நின்றுகொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா என் மச்சினன் வாயைத் திறக்க வேண்டும்? "அண்ணாச்சி, இதைவிடப் பெரிய காத்து எங்கயாவது பாத்திருக்கீயளா?"

செத்தோம் என்று நினைத்தேன். பூதலிங்கத்தின் முகம் சிவந்தது. கன்னம் ரெண்டும் உப்பியது. காக்கா, பால்காரன், ராதாபுரம் போன வேட்டி எல்லாம் உதட்டுக்குப் பின்னால் வந்து இடித்துக்கொண்டு நிற்பது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. கண்ணில் தண்ணீர் கோத்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை.

கிளிக்.

"ஆரல்வாய்மொழியில போன ஆடி..." என்று ஆரம்பித்தவர் பந்தியில் பாயசம் வருகிற வரைக்கும் நிறுத்தவில்லை.

படம் கண்ணாடி மாதிரி விழுந்திருந்தது. என் கண் பாதி மூடியிருக்கிறது, தலைமுடி ஓலைக்கூரை மாதிரி எழுந்து நிற்கிறது. ஆனாலும் இருக்கிறேன். வடிவு என் முகத்தின் மேல் விரலை வைத்து, "இந்தா இருக்கீய" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஒரு பிரதியைச் சட்டம் போட்டு பூதலிங்கத்துக்குக் கொடுக்கப் போனேன். கடையில் ஒரு புது வாடிக்கையாளர், களக்காட்டுப் பையன், ஸ்டாண்டு வாங்க வந்து வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான்.

"...பந்தலு போச்சு, தண்ணித்தொட்டி போச்சு, சம்பந்தி வந்த காரு மாடிக்கு மேல பறந்து போவுது, டிரைவரு உள்ள இருந்து டாட்டா காட்டுதான். நான் மட்டும் நிக்கேன், அசையாம. நான் பிடிச்சு நின்னதாலதான் அந்த வீடே இன்னைக்கு அங்க இருக்கு. இந்தா, வீட்டுக்காரரே வந்துட்டாரு, கேட்டுக்கோ!"

பையன் பக்தியோடு என் பக்கம் திரும்பினான். "அப்படியா அண்ணாச்சி?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "காரு பறந்ததெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. ஆனா முழுசாப் பத்து செகண்டு இவரு வாயைத் திறக்காம நின்னாரு. அதை என் கண்ணால பாத்தேன்."

பையன் என்னைப் பார்த்தான். பூதலிங்கத்தைப் பார்த்தான். மிக்கேலைப் பார்த்தான். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"இவ்வளவு நேரம் இவரு சொன்னதையெல்லாம் நம்பிட்டுத்தான் இருந்தேன்" என்றான். "புளுகுறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா அண்ணாச்சி?"