உடும்பின் வயிற்றுக்கு அடியில் ஒரு பை

காட்டுக்குள்ளே, ஓடை வளைந்து திரும்புகிற இடத்தில், ஓர் உடும்பு கூழ்க் கடை வைத்திருந்தது. பிடித்ததை விடாத பிராணி என்று உடும்புக்குப் பெயர் உண்டல்லவா, பிள்ளைகளே? இந்த உடும்பு அதற்கும் ஒரு படி மேல். எச்சில் கையால் காக்கை ஓட்டாத கருமி.

அந்தக் கடையில் குண்டான் கழுவித் தரை பெருக்கும் வேலை முள்ளம்பன்றிக்கு. அதற்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் முதலாளி முன்னால் மட்டும் ஒரு முள்கூட எழும்பாது. எழும்பினால் அன்றைக்குக் கூழ் கிடைக்காதே!

ஒரு நாள் சாயங்காலம், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, முள்ளம்பன்றி பெருக்கிக்கொண்டிருந்தது. பலகைக்கு அடியில் ஒரு துணிப் பை கிடந்தது. தூக்கிப் பார்த்தால் நல்ல கனம். உள்ளே காசு. முடிச்சில் கவுதாரி இறகுகள் கொத்தாகச் செருகியிருந்தன.

கவுதாரிகள் மழைக்காலத் தானியத்துக்காகச் சீட்டுக் கட்டுவது காட்டுக்கே தெரியும். பணம் போட்டவர்கள் அவரவர் இறகை முடிச்சில் செருகிவிடுவார்கள்.

முள்ளம்பன்றி பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. "முதலாளி! கவுதாரிங்க சீட்டுப் பணம்! காலையில கூழ் குடிக்க வந்த செம்பிதானே அவங்க சீட்டுப் பணத்தை வசூல் பண்றவ, மறந்து விட்டுட்டுப் போயிட்டா போல. ஓடிப்போய்க் குடுத்துட்டு வரட்டுமா?"

"எங்கே, காட்டு" என்று உடும்பு பையை வாங்கியது. வாங்கின கையோடு இறகுகளைப் பிடுங்கி அடுப்பில் போட்டது. "இப்போ சொல்லு, இது யாரோட பை?"

முள்ளம்பன்றி அடுப்பையும் பையையும் மாறி மாறிப் பார்த்தது.

"முழிக்காதேடா. நானா போய்த் திருடினேன்? என் கடையில கிடந்துச்சு, எனக்குக் கிடைச்சுது. இந்தா, இன்னிக்கு இன்னொரு கலயம் கூழ் சேர்த்துக் குடி. வெளியில மூச்சு விட்டே, நாளைக்கு வேற கடை பார்த்துக்க."

அநியாயம்! பட்டப்பகல் கொள்ளை! முள்ளம்பன்றிக்கு வயிறு பற்றி எரிந்தது. என்ன செய்தது தெரியுமா? எரிகிற வயிற்றில் அந்தக் கூழையே ஊற்றிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டது. வெட்கக்கேடு!

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கடை வாசலில் ஒரே கூச்சல். கவுதாரிக் கூட்டம் செம்பியை நடுவில் விட்டுக் கொத்திக்கொண்டே இழுத்து வந்தது. செம்பியின் ஒரு சிறகில் ரத்தம்.

"தொலைஞ்சு போச்சாம்ல! மொத்தத்தையும் முழுங்கிட்டு நாடகம் ஆடறா!" என்றது பெரிய கவுதாரி.

"என் குஞ்சுங்க மேல சத்தியமா நான் எடுக்கலை!" என்று அழுதது செம்பி. உடும்பின் முன்னால் விழுந்து, "அய்யா, நேத்து இங்கேதான் கூழ் குடிச்சேன். ஒரு பை கிடந்துச்சா அய்யா?" என்று கெஞ்சியது.

உடும்பு பலகை மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்திருந்தது. பை அந்த வயிற்றுக்கு அடியில்தான் இருந்தது. வேறெங்கே வைத்தாலும் அதற்கு இருப்புக் கொள்ளாதே!

"பையா? கண்ணாலகூடப் பார்க்கலையேம்மா" என்றது உடும்பு. அதோடு நிறுத்தியதா? இல்லை! "செஞ்ச தப்பை ஒத்துக்கோ செம்பி. அடுத்தவங்க காசுக்கு ஆசைப்படலாமா? எனக்கெல்லாம் ஒரு காசு கூடுதலா வந்தாலே உடம்பு கூசும்."

"கேட்டுக்கோ! பெரிய மனுஷர் சொல்றார்!" என்றது பெரிய கவுதாரி. "இனிமே இவ நம்ம கூட்டத்துல இல்லை. குஞ்சுங்களைக் கூட்டிக்கிட்டு இன்னிக்கே காட்டை விட்டுப் போகட்டும்."

முள்ளம்பன்றி கழுவிக்கொண்டிருந்த குண்டானைத் தூக்கி எறிந்தது. காசை வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஊருக்கு உபதேசமா! இதையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா! அதன் முள் அத்தனையும் சடசடவென்று எழும்பின.

"அட மானங்கெட்ட உடும்பே!" என்று கத்திக்கொண்டே திரும்பி, பின்பக்கமாக ஓடி ஒரே முட்டு முட்டியது.

"ஐயோ!" என்று உடும்பு துள்ளி எழுந்தது. பை எல்லார் கண்ணிலும் பட்டது. உடம்பெல்லாம் முள் குத்தி நிற்கும்போதும் உடும்பு பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலறியது: "தொடாதீங்க! இது என் கடையில கிடைச்சுது!"

"இப்பத்தானே கண்ணால பார்க்கலைன்னே?" என்றது பெரிய கவுதாரி.

"கிடைச்சுதாம்!" என்று சீறியது முள்ளம்பன்றி. "அவ தொலைச்சது உனக்கு எப்படிடா கிடைச்சதாகும்? முடிச்சுல இருந்த இறகை எல்லாம் நீ அடுப்புல போட்டதை நான் பார்த்தேனே!"

கவுதாரிகள் பாய்ந்து கொத்தின. உடும்பு விடவில்லை. பை கிழிந்து காசு தரையெல்லாம் சிதறியது. கிழிந்த துணியைப் பிடித்துக்கொண்டே உடும்பு புதருக்குள் ஓடியது. கவுதாரிகள் அடுப்பை இடித்து, குண்டான்களை ஓடையில் உருட்டிவிட்டன.

பெரிய கவுதாரி செம்பியின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. செம்பி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக முள்ளம்பன்றியிடம் வந்தது. நன்றி சொல்லத்தான் வருகிறது என்று முள்ளம்பன்றி முள்ளை மடக்கிக்கொண்டு நின்றது.

"இறகை அடுப்புல போட்டது எப்போ?" என்று கேட்டது செம்பி.

"நேத்து சாயங்காலம்."

"அப்போ நேத்தே உனக்குத் தெரியும்."

முள்ளம்பன்றி தலையை மட்டும் ஆட்டியது.

"ராத்திரி முழுக்க என்னைக் கொத்தினாங்க. என் குஞ்சுங்க அதைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சுங்க. நீ என்ன பண்ணிட்டு இருந்தே?"

"கூழ் குடிச்சிட்டு... படுத்திருந்தேன்."

செம்பி சிதறிய காசைப் பொறுக்கப் போய்விட்டது. முள்ளம்பன்றியும் பொறுக்கக் குனிந்தது. "நீ தொடாதே" என்றது செம்பி.

நீதி: பிறர் தொலைத்ததை வைத்துக்கொள்பவன் திருடன்; அது தெரிந்தும் கூலிக்காக வாயை மூடிக்கொள்பவன் அவனுடைய கூட்டாளி.