சங்கிலி போட்ட பொட்டல்

நத்தமேட்டு மடத்தின் தலைவி மங்களேசுவரி அம்மையாருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அவருடைய சீடர்களில் மூத்தவர் தணிகாசலம். வயது ஐம்பத்தேழு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். தன்னைவிடப் பதினாறு வயது சின்னவரை "அம்மா" என்று கூப்பிட அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

ஒரு நாள் காலை அவர் வந்து அம்மையார் எதிரில் உட்கார்ந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"ஒருத்தனுக்கு எல்லா ஆட்டமும் தெரியும். இன்னொருத்தனுக்கு ஒண்ணுமே தெரியாது. பிள்ளைங்க ஏன் ஒண்ணும் தெரியாதவன்கிட்ட போகுதுங்க?"

அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியலையே. நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"அங்கே நான் எதுக்கும்மா போகணும்?"

"அப்போ நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாது."

தணிகாசலம் எழுந்துகொண்டார்.

விஷயம் இதுதான். நத்தமேடு மில் ஊர். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும், காலை ஷிப்டு முடிந்து வரும் இளவட்டங்களும் சாயங்காலமானால் போக்கிடம் இல்லாமல் பாலத்துச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மையார் மடத்தின் பழைய நெல் கிடங்கைத் தணிகாசலத்திடம் ஒப்படைத்து, "இந்தப் பிள்ளைங்களுக்கு ஏதாவது செய்யுங்க" என்றார்.

அவர் செய்தார். ஊரில் நாலு பேரிடம் கேட்டு மூன்று கேரம் பலகை வாங்கினார். பக்கத்து நிலத்தைச் சமப்படுத்தி, சுண்ணாம்புக் கோடு போட்டு, வாலிபால் மைதானம் ஆக்கினார். செருப்பு வைக்க ஓர் இடம், பேசாமல் இருக்க ஓர் இடம், ஆட்டத்துக்கு ஆட்டம் நேரக்கணக்கு. கழுத்தில் விசில். முதல் வருஷம் நாற்பது பேர் வந்தார்கள். எட்வின் என்ற பையன் அவரிடம் பழகித்தான் மாவட்ட அளவில் ஆடினான். அவன் அடிக்கும்போது தணிகாசலத்துக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

பிறகு குணாளன் வந்தான். தபால் ஆபீசில் வேலை. முப்பது வயது. மடத்துக்கு வர ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டல் கிடந்தது. வேலை முடிந்து போகிற வழியில் அவன் அங்கே உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் இரண்டு பேர் சேர்ந்தார்கள், அப்புறம் ஐந்து பேர். இப்போது முப்பது பேர். தணிகாசலத்தின் கிடங்கில் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரிலும் எட்வின் இல்லை.

அன்று சாயங்காலம் தணிகாசலம் தண்டவாளத்தைத் தாண்டினார். பொட்டலுக்கு எதிரே இருந்த டீக்கடையில், தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

மைதானம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவே ஒரு கயிறு. அதற்கு இந்தப் பக்கம் குணாளன். சபீரா என்ற பத்தாம் வகுப்புப் பெண் அவன் கையில் பந்தைக் கொடுத்து, எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் போட்டான். பந்து மேலே போய் அவன் தலையிலேயே விழுந்தது. பொட்டலே சிரித்தது. அவனும் சிரித்தான்.

"இன்னொரு தடவை காட்டும்மா" என்றான்.

எட்வின் முன்னால் வந்தான். கிடங்கில் இரண்டு வருஷம் வாயே திறக்காத பையன். அவன் குணாளனின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினான்.

"மணிக்கட்டைப் பூட்டுங்கண்ணே. பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க. கை பின்னாடி போகட்டும், உடம்பு முன்னாடி வரட்டும்."

தணிகாசலத்தின் கையில் டீ ஆறிப்போனது. அந்த வார்த்தைகள் அவருடையவை. ஒவ்வொன்றும். அவர் தொண்டை வறளக் கத்திக் கத்திச் சொன்னவை. அவற்றை இவன் இங்கே, ஒன்றும் தெரியாத ஒரு தபால்காரனுக்குத் தானம் செய்துகொண்டிருக்கிறான்.

பிள்ளைகள் கலைந்து போனதும் பொட்டலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

மறுநாள் ஒரு கடிதம் எழுதினார். நகராட்சி ஆணையருக்கு. அவருடைய எழுத்து முத்து முத்தாக இருக்கும். பொட்டலில் உடைந்த பாட்டில் கண்ணாடி பதினோரு இடத்தில் கிடக்கிறது. மேற்கு மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. மரத்தை உரசிக்கொண்டு மின்கம்பி போகிறது. குடிக்கத் தண்ணீர் இல்லை. பெண்பிள்ளைகள் ஒதுங்க மறைவு இல்லை. ஆகவே பிள்ளைகளின் நன்மையை முன்னிட்டு மேற்படி இடத்தை உடனே மூட வேண்டும்.

பத்தாம் நாள் பொட்டலைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். "உள்ளே வரக் கூடாது" என்று ஒரு பலகை.

அன்று மத்தியானமே தணிகாசலம் மைதானத்துக்குப் புதுச் சுண்ணாம்பு போட்டார். கேரம் பலகைகளுக்கு மாவு தூவித் துடைத்தார். பந்துக்குக் காற்று அடித்தார். ஐந்து மணிக்கு விசிலோடு வாசலில் நின்றார்.

பொட்டலிலிருந்து யாரும் வரவில்லை. வழக்கமான எட்டுப் பேரில்கூட மூன்று பேர்தான் வந்தார்கள்.

மறுநாளும் அப்படித்தான். எட்டிப் பார்த்தார். பாலத்துச் சுவரில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இருந்த மாதிரியே, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

மூன்றாம் நாள் எட்வின் வந்தான். தணிகாசலத்துக்கு மனசு துள்ளியது. காட்டிக்கொள்ளாமல், "என்னப்பா, வழி தெரிஞ்சுதா?" என்றார்.

"சார், ஒரு உதவி."

"சொல்லு."

"பொட்டலைப் பூட்டிட்டாங்க சார். யாரோ எழுதிப் போட்டுட்டாங்களாம். தொறக்கச் சொல்லி நாங்க ஒரு மனு கொடுக்கணும். எங்களுக்கு அந்த மாதிரி எழுத வராது. குணாளன் அண்ணன்தான் சொன்னாரு, தணிகாசலம் சார்கிட்ட போ, அவரை மாதிரி யாராலயும் எழுத முடியாதுன்னு."

தணிகாசலம் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"எழுதித் தருவீங்களா சார்?"

"நாளைக்கு வா" என்றார்.

அன்று அவர் நேராக மடத்துக்குப் போனார். அம்மையார் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்று, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

"கடிதத்துல பொய் ஏதாவது எழுதினீங்களா?"

"ஒரு வரிகூட இல்லைம்மா. எல்லாம் உண்மை."

"அப்புறம் எதுக்கு அழறீங்க?"

"அந்த உண்மையை நான் எதுக்கு எழுதினேன்னு எனக்குத் தெரியும்மா."

"நகல் வெச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தார். சட்டைப் பையிலேயே இருந்தது. அம்மையார் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். நின்றபடியே படித்தார். முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

"குணாளன் எட்டு மாசமா அங்கே இருக்காரு. இந்தக் குழி அவர் கண்ணுல படலை. மின்கம்பி படலை. பொண்ணுங்களுக்கு மறைவு வேணும்னு தோணலை. நீங்க ஒரே சாயங்காலத்துல இவ்வளவையும் பாத்திருக்கீங்க."

"பொறாமையில பாத்தேம்மா."

அம்மையார் காகிதத்தின் அடிப்பக்கத்தை மடித்தார். நகத்தால் அழுத்தித் தேய்த்தார். கடைசி இரண்டு வரியை மட்டும் நீளமாகக் கிழித்தெடுத்தார். மூட வேண்டும் என்ற வரிகள். மிச்சத்தை அவரிடம் நீட்டினார்.

"மனு தயாரா இருக்கே. கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

தணிகாசலம் வாங்கிக்கொண்டார். போகாமல் நின்றார்.

"யாரு பூட்ட வெச்சாங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லணுமாம்மா?"

"சொல்லாம இருக்க முடியும்னா என்கிட்டயே சொல்லியிருக்க மாட்டீங்க."

அன்றிரவு மனுவின் அடியில், இவற்றைச் சரிசெய்து, தண்ணீர்க் குழாய் போட்டு, பொட்டலைத் திறந்துவிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார். சுவரில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். குணாளனும் இருந்தான். அவரைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றான்.

"எழுதினது நான்தான்" என்றார் தணிகாசலம். "பூட்டச் சொன்னது நான்தான்."

சபீராவுக்குத்தான் முதலில் புரிந்தது.

"எங்க பொட்டலையா சார்?"

"ஆமாம்மா."

"எதுக்கு சார்? உங்களுக்குத்தான் அவ்வளவு நல்ல கிரவுண்டு இருக்கே!"

"நீங்க யாரும் அங்கே வரலையே."

சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு சின்னப் பிள்ளைத்தனமான பதில் என்று அவருக்கே உறைத்தது. ஒரு பையன் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். குணாளன் சைக்கிளை எடுத்தான். அவர் பக்கம் திரும்பாமல் போய்விட்டான்.

எட்வின் மட்டும் கையை நீட்டி மனுவை வாங்கினான். நிதானமாகப் படித்தான்.

"தண்ணிக் குழாய் ரெண்டா கேட்டிருக்கலாம் சார்" என்றான். "ஒண்ணுன்னா சண்டை வரும்."

அவன் சட்டையிலிருந்து பேனாவை எடுத்து 'இரண்டு' என்று சேர்த்தான். தன் பெயரை எழுதிப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தான். சபீரா கடைசியாகக் கையெழுத்துப் போட்டாள். போடும்போது அவரைப் பார்க்கவில்லை. குணாளன் அடுத்த நாள் போட்டானாம்.

மனு போயிற்று. நகராட்சி ஆட்கள் வந்து அளந்தார்கள், போனார்கள், மறுபடி வந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது. குழியை மண் போட்டு மூடினார்கள். மின்கம்பியை உயர்த்திக் கட்டினார்கள். மூலையில் தகரத் தடுப்பு வந்தது. குழாய் ஒன்றுதான் வந்தது. கண்ணாடியைப் பிள்ளைகளே பொறுக்கினார்கள். ஒரு திங்கட்கிழமை சங்கிலியைக் கழற்றினார்கள்.

தணிகாசலம் பொட்டலுக்குப் போகவில்லை. கிடங்கைத் திறந்து வைப்பார். வருகிற ஐந்தாறு பேரோடு கேரம் ஆடுவார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து கூச்சல் கேட்டால் எழுந்து ஜன்னலைச் சாத்துவார்.

ஒரு வாரம் கழித்து சபீரா மடத்து வாசலில் வந்து நின்றாள். தணிகாசலம் அம்மையாரோடு உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சார், எனக்கு உங்க மேல கோபம் இன்னும் போகலை."

"சரிம்மா."

"ஆனா பொண்ணுங்க டீம் ஒண்ணு சேத்திருக்கோம். வலைகிட்ட குதிச்சு அடியைத் தடுக்கறது எப்படின்னு ஒருத்திக்கும் தெரியலை. எட்வின் அண்ணன் இப்போ ரெண்டாவது ஷிப்டு போறாரு. குணாளன் அண்ணனுக்குச் சுத்தமாத் தெரியலை. நீங்க வாங்க."

"குணாளன் என்ன சொன்னான்?"

"அவருதான் போய்க் கூப்பிடச் சொன்னாரு. அவரு வந்து கூப்பிட மாட்டாராம்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

தணிகாசலம் எழுந்து வாசல்வரை போய், திரும்பி வந்து உட்கார்ந்தார். அம்மையார் அன்றைக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கடிதத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"போகலையா?"

"போகணும்னுதான் இருக்கும்மா. ஆனா என்னால முடியலை. நேத்து அந்தப் பக்கமா ரயிலுக்குப் போனேன். அவனைச் சுத்தி நின்னு எல்லாரும் சிரிக்கறாங்க. பாத்ததும் இங்கே எரியுது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "எல்லாத்தையும் ஒப்புக்கிட்டேன். மனுவும் கொடுத்தேன். இது மட்டும் அப்படியே இருக்கு. இந்தப் பொறாமையோட நான் எப்படிம்மா அங்கே போய் நிக்கறது? இது போகட்டும். சுத்தமாப் போனதுக்கு அப்புறம் நானே போறேன்."

அம்மையார் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அது போறதுக்குள்ள இருட்டிடும்" என்றார். "பிள்ளைங்க அஞ்சு மணிக்கே வந்துடறாங்க."